கழற்றுவதற்கென்றே அடித்த ஆணி

ஷெஃபீல்டில் 1820 வாக்கில் செய்த ஒரு மடக்குச் சவரக் கத்தியைப் பிரித்து மேஜைமேல் பரப்பினால் ஆறு துண்டுகள் கிடைக்கும். எஃகு அலகு ஒன்று, அலகை மூடிக் காக்கும் கொம்புப் பட்டைகள் இரண்டு, பட்டைகளின் அடிமுனையில் இடுக்கிய சின்ன ஆப்பு ஒன்று, எல்லாவற்றையும் கோத்து நிறுத்தும் ஆணிகள் இரண்டு. அலகைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. தந்தம், ஆமை ஓடு, கொம்பு என்று பட்டைகளைத் தேடிச் சேர்ப்பவர்களும் உண்டு. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த இரண்டு ஆணிகளைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் பழைய கத்தியைச் செப்பனிட உட்காருகிறவர் முதலில் திகைத்து நிற்பது ஆணியில்தான். அதை அறுத்து எடுக்காமல் பட்டைக்கு உட்புறத்தைத் துடைக்கக்கூட முடியாது. அறுத்துவிட்டாலோ இருநூறு ஆண்டுகளாக இருந்த அசல் ஒன்று குப்பைக்குப் போகிறது. அதனால் ஆணியைத் தொடாமலே எட்டியவரை சுத்தம் செய்வதுதான் நேர்மையான வேலை என்று ஒரு கட்சி சொல்கிறது. அந்தக் கட்சி ஆணிக்கு ஷெஃபீல்டு கொடுக்காத ஒரு புனிதத்தைக் கொடுக்கிறது என்பது என் வாதம். அந்தத் தொழிலின் கட்டமைப்பையும், கையாண்ட பொருள்களையும், ஆணியின் நடத்தையையும் சேர்த்துப் பார்த்தால், ஆணி என்றைக்காவது அழிந்து மற்றவற்றைக் காப்பாற்றவேண்டிய உறுப்பாகவே அங்கே கருதப்பட்டது என்று தெரியும். செப்பனிடுகிறவர் பயபக்தியோடு காக்கவேண்டியது பட்டையை.

முதலில் அந்த ஊரின் வேலைமுறை. ஹாலம்ஷயர் கத்தித் தொழிலாளர் கழகம் 1624-இல் பாராளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. யார் தொழில் கற்கலாம், யார் எந்த முத்திரையைப் பொறிக்கலாம் என்பதையெல்லாம் அதுவே தீர்மானித்தது. 1814-இல் வந்த இன்னொரு சட்டம் அந்தப் பிடியைத் தளர்த்தி, கழகத்தில் சேராதவர்களும் தொழில் செய்யலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. அதன்பிறகு ஊர் முழுக்க லிட்டில் மெஸ்டர் எனப்பட்ட சிறு முதலாளிகள் பெருகினார்கள். சொந்தமாக ஒரு பெஞ்சு, வாடகைக்கு ஒரு சாணைக்கல், கூட ஒரு பயிற்சிப் பையன்: இவ்வளவுதான் அவர்களுடைய தொழிற்சாலை. ஒரே கத்தியை ஒரே ஆள் முழுதாகச் செய்வது அபூர்வம். கொல்லர் அலகை அடித்து, அது மெத்தென்று இருக்கும்போதே அதன் காம்பில் துளை போட்டுவிடுவார். கடினப்படுத்திய பிறகு அன்றைய துரப்பணம் எதுவும் அதில் இறங்காது. பின்பு அலகு சாணைக்காரரிடம் போகும். கொம்பை அழுத்திப் பட்டை செய்கிறவர் வேறொரு தெருவில் இருப்பார். கடைசியில் பட்டை, அலகு, ஆப்பு மூன்றும் பிடி போடுகிற ஹாஃப்டரின் பெஞ்சில் வந்து சேரும். வாஷிங்டன் ஒர்க்ஸ் என்ற பெரிய ஆலையை நடத்திய ஜார்ஜ் வோஸ்டன்ஹோம், தந்தத்துக்குப் பேர்போன ஜோசப் ராஜர்ஸ், அருண்டல் தெருவின் புட்சர் சகோதரர்கள் போன்ற பெரிய பெயர்களும் இந்த வலைப்பின்னலுக்கு வெளியே இருந்தவர்கள் அல்லர்.

இப்படிப் பல கூரைகளின் கீழ் செய்த துண்டுகள் ஒன்றோடொன்று அளவு பொருந்தி வந்திருக்க வழியில்லை. ஒரு கத்தியின் பட்டையை எடுத்து இன்னொரு கத்தியில் மாட்டினால் துளை விலகும், நீளம் இடிக்கும், அலகின் முனை வெளியே எட்டிப்பார்க்கும். அந்தப் பொருத்தமின்மையைச் சரிக்கட்டும் பொறுப்பு முழுவதும் ஹாஃப்டரின் தலையில் விழுந்தது. அவர் கையில் இருந்த ஒரே கருவியுறுப்பு ஆணி. மார்பில் ஒரு இரும்புத் தகட்டைக் கட்டிக்கொண்டு, துரப்பணத்தின் பின்முனையை அதில் ஊன்றி, வில்லை முன்னும் பின்னும் இழுத்து அவர் துளையிடுவார். அலகு பட்டைகளுக்கு நட்டநடுவில் விழுகிறதா, இடப்பக்கம் உரசுகிறதா என்று பார்த்து, ஆணித்தலையின் எந்த ஓரத்தில் தட்டவேண்டும் என்று முடிவுசெய்வார். ஷெஃபீல்டின் கெல்ஹாம் தீவு அருங்காட்சியகத்தில் கென் ஹாலி வாழ்நாளெல்லாம் திரட்டிய கருவிகள் இருக்கின்றன. கைத்தொழில் கருவிகளின் அந்தக் குவியலைப் பார்த்தால் அளவுகோல்களைவிடக் கையின் உணர்வை நம்பிய தொழில் இது என்பது விளங்கும். மற்ற எல்லா உறுப்பும் முடிந்த நிலையில் வந்து சேர, ஆணி மட்டும் கத்தி உருவாகும் கணத்தில்தான் உருவம் பெற்றது. அதற்குமுன் அது வெறும் கம்பித் துண்டு.

பட்டைகளின் பொருள் இந்த வாதத்துக்கு இன்னும் வலுவான சாட்சி. கொம்பு நம் நகத்தைப் போலக் கெரட்டினால் ஆனது. கொதிநீரிலும் சூட்டிலும் இளகும். இளகிய நிலையில் பிளந்து விரித்து, சூடான உலோக அச்சுகளுக்கிடையே அழுத்தினால் அச்சில் உள்ள கொடி, கப்பல், கழுகு எல்லாம் அப்படியே பதியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஷெஃபீல்டில் இதற்கென்றே ஒரு தனித்தொழில் தழைத்தது. சாதாரணக் கொம்பில் இரசாயனக் குழம்பைத் தீட்டிப் புள்ளி புள்ளியாகக் கறையேற்றி ஆமை ஓடு என்று சொல்லி விற்கவும் அவர்கள் அறிந்திருந்தார்கள். இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன எருமைக் கொம்பு கறுப்புப் பட்டைக்கு நன்றாக வந்தது. இந்தப் பொருள்கள் எல்லாமே உயிருள்ள உடம்பிலிருந்து வந்தவை என்பதால் அவற்றுக்கு ஓர் இழை இருக்கிறது. தந்தம் இழையோடு நீளவாக்கில் விரியும். கொம்பு ஏடு ஏடாகப் பிரியும். காற்றில் ஈரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அதுவும் வளைந்து நிமிரும். ஆமை ஓடு வயதானால் மொறுமொறுவென்று ஆகிவிடும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனமே உள்ள இத்தகைய தகட்டில் துளையிட்டு, அதன் வழியே உலோகத்தைச் செலுத்தி, இருபுறமும் அடித்து மடக்கவேண்டும். எதிர்ப்புக் காட்டாமல் இளகிக் கொடுக்கும் உலோகம் தவிர வேறெதுவும் அங்கே செல்லாது.

ஆணியைத் தறைக்கும்போது உண்மையில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கம்பியைத் துளையில் விட்டு, இருபுறமும் அதன் தடிமனில் பாதியோ முக்காலோ வெளியே நீட்டுமளவுக்கு வெட்டி, முனையை அரத்தால் தட்டையாக்குகிறார்கள். ஒரு முனை சின்னப் பட்டடைமேல் இருக்க, மறு முனையை உருண்டை முகமுள்ள சிறு சுத்தியலால் தட்டுகிறார்கள். பலமாக ஓர் அடி அடித்தால் கம்பி முழுவதும் நசுங்கிக் குறுகும். குறுகும் உலோகம் பக்கவாட்டில்தான் போகவேண்டும். அதாவது துளைக்குள்ளேயே ஆணி பருக்கிறது. அப்படிப் பருக்கும் ஆணி தந்தத்தின் இழைக்கு நடுவே ஆப்பு அடித்ததற்குச் சமம். அன்றைக்கே விரிசல் தெரியாவிட்டாலும் அடுத்த வறட்சிக் காலத்தில் தெரியும். மெல்லத் தட்டினாலோ அடியின் வலு மேற்பரப்பைத் தாண்டி இறங்காது. விளிம்பைச் சுற்றிச் சுற்றி, நடுவை விட்டு, நூறு முறை தட்டினால் தலை மட்டும் வெளியே வழிந்து குவிமாடமாக உருண்டுவரும், தண்டு பழைய தடிமனிலேயே நிற்கும். நடுவே அவ்வப்போது பட்டைகளைத் திருப்பி மறுபக்கத்தையும் தட்டவேண்டும், இல்லையென்றால் அலகு ஒரு பக்கமாகச் சாயும். அடிக்க அடிக்கப் பித்தளை இறுகவும் செய்யும். அளவுக்கு மீறித் தட்டினால் தலையின் ஓரத்தில் நுண்விரிசல்கள் ஓடும். அதோடு அந்த ஆணியின் ஆயுள் முடிந்தது.

இதிலிருந்து கிடைக்கும் முடிவு நேரானது. அலகு சுழலும் பக்கத்து ஆணி தினமும் இரண்டு முறையாவது தேய்கிறது, ஒருமுறை திறக்கும்போதும் ஒருமுறை மூடும்போதும். தேய்ந்தால் அலகு தளர்ந்து தொங்கும். தொங்கும் அலகு பட்டையின் உட்புறத்தில் தன் வாயையே மோதிக்கொள்ளும். தளர்ந்ததை இறுக்க ஆணித்தலையில் இரண்டு தட்டுத் தட்டினால் போதும். ஆனால் ஒவ்வொரு தட்டலும் அந்த உலோகத்தை இன்னும் இறுக்கி, இன்னும் முறியும் தன்மைக்குக் கொண்டுபோகிறது. எத்தனையோ தட்டல்களுக்குப் பிறகு அதை அறுத்துவிட்டுப் புதிதாகப் போட்டே ஆகவேண்டும். ஆணியை மாற்றுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுக் கத்திகள் பலவற்றில் இருப்பது இரும்பாணி. குளியலறை ஈரத்தில் அது துருவாகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கொம்புக்குள் பூட்டிய இரும்பாணி வருடக்கணக்கில் மெல்லப் பருத்து, துளையிலிருந்து இழை நெடுக விரிசல் விடுகிறது. பித்தளை ஆணி துரு பிடிக்காது, பச்சைக் களிம்பு பிடிக்கும். அந்தக் களிம்பு கொம்பில் வளையமாக ஊறிவிடும். ஆணியைத் தொடாதே என்று சொல்லும் கட்சி, பட்டையைக் கொன்றுகொண்டிருக்கும் உறுப்பை அதன் உள்ளேயே விட்டுவைக்கச் சொல்கிறது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். ஆணியும் ஓர் ஆவணம்தானே? கத்தியின் காலத்தைச் சொல்ல அலகின் முத்திரை மட்டும் போதாது. முத்திரைகளை நிறுவனங்கள் பல தலைமுறைக்குப் பயன்படுத்தின, விலைக்கும் வாங்கின. ஆணித்தலைக்கு அடியில் வாஷர் என்ற வளையம் இருக்கிறதா இல்லையா, இருந்தால் அது பட்டைக்குள் பதிந்ததா மேலே உட்கார்ந்ததா, ஆணி இரும்பா பித்தளையா நிக்கல் சில்வரா என்பதெல்லாம் கால அடையாளங்கள். பெயரில்தான் வெள்ளி இருக்கிறது; செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த இந்த உலோகம் ஷெஃபீல்டில் 1830-களில் பரவத் தொடங்கியது. ஆகவே ஒரு கத்தியில் நிக்கல் சில்வர் ஆணி அசலாகவே இருந்தால் அதை 1790 என்று சொல்ல முடியாது. இந்த மறுப்பை நான் பாதிக்குமேல் ஏற்கிறேன். ஆனால் ‘அசலாகவே இருந்தால்’ என்ற சொற்களில்தான் எல்லாம் தொங்குகிறது. கத்தி செய்த நாளில் அடித்த ஆணியா, இருபது வருடம் கழித்து ஏதோ ஊரின் கத்திக் கடைக்காரர் மாற்றியதா என்பதை ஆணியே சொல்லாது. அதைச் சொல்வது ஆணியைச் சுற்றியுள்ள பட்டை: துளை ஒரே அளவில் வட்டமாக இருக்கிறதா, தேய்ந்து முட்டை வடிவாகியிருக்கிறதா, களிம்பு வளையம் இப்போதைய வாஷரின் விளிம்போடு பொருந்துகிறதா, அதற்கு வெளியே பழைய பெரிய வாஷரின் நிழல் தெரிகிறதா. ஆவணத்தைப் பத்திரமாக வைத்திருப்பது துளைதான். ஆணியை எடுக்குமுன் படம் பிடித்து, எடுத்த துண்டை ஓர் உறையிலிட்டுக் கத்தியோடு வைத்துவிட்டால் ஆவணத்தில் இழப்பு ஏதுமில்லை. அரத்தைக் கண்டபடி ஓட்டித் துளையின் வாயைச் சிதைத்துவிட்டால் அதைத் திருப்பி எழுத யாராலும் ஆகாது.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. ஷெஃபீல்டுக்காரர்கள் பழுதுபார்க்கும் தத்துவம் எதையும் மனத்தில் வைத்து ஆணி அடிக்கவில்லை. கம்பி மலிவு, கூலி மலிவு, அவ்வளவுதான் என்பார்கள். உண்மைதான். அங்கே உழைப்பவரின் உயிரே எவ்வளவு மலிவு என்பதற்கு மருத்துவர்கள் எழுதிவைத்த சாட்சியே இருக்கிறது. சாணைத் தூசியைத் தின்று நுரையீரல் கருகிச் செத்தவர்களைப் பற்றி டாக்டர் ஆர்னால்ட் நைட் 1830-இலேயே எழுதினார்; கால்வர்ட் ஹாலந்து 1843-இல் தனிப் புத்தகமே போட்டார். அப்படிப்பட்ட ஊரின் மலிவை நுண்ணறிவாகப் பூசிமெழுக எனக்கு விருப்பமில்லை. ஆயினும் மலிவும் பழுதுபார்க்கும் வசதியும் இங்கே எதிரிகள் இல்லை. கத்தி வாங்கியவருக்கு அது வருடாவருடம் செலவு வைக்கும் பொருள். அலகைச் சாணையில் கொடுத்துத் தீட்டி வாங்குவது இங்கிலாந்தின் ஊர்தோறும் கத்திக் கடைகளின் நிரந்தர வருமானம். வாரத்தின் ஏழு நாளுக்கும் பெயர் பொறித்து ஏழு கத்திகளைப் பெட்டியில் வைத்து வசதியுள்ளவர்களுக்கு விற்றார்கள் என்றால், ஒரு கத்தி தலைமுறை தாண்டி உழைக்கும் என்ற நம்பிக்கை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இருந்தது. பாரிஸின் கத்திக் கலைஞர் ழான் ழாக் பெரே 1769-இல், நாவிதரை எதிர்பாராமல் தானே முகம் மழித்துக்கொள்வது எப்படி என்று புத்தகம் எழுதியதிலிருந்தே கத்தி வீட்டுக்குள் குடியேறும் பொருளாகிவிட்டது. வீட்டில் இருக்கும் பொருள் கீழே விழும், பட்டை உடையும். காம்பில் வால் நீளாத பதினெட்டாம் நூற்றாண்டு அலகு, அதற்கு ஒரு தலைமுறை பிந்திய அச்சுக்கொம்புப் பட்டையில் மாட்டிக்கிடப்பதை ஏலங்களில் காணலாம். அவற்றில் சில இக்கால வியாபாரியின் கைவேலை என்பதும் நிஜம். ஆனால் அலகின் காம்பிலும் பட்டையிலும் ஒரே சீராகத் துருவும் களிம்பும் ஏறிய ஜோடிகளை அப்படித் தள்ளிவிட முடியாது. அந்த மணம் அந்தக் காலத்திலேயே முடிந்த மணம்.

திருகு ஏன் கூடாது என்ற கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும். கழற்றவேண்டிய உறுப்புதான் என்றால், கழற்றிப் பூட்டக்கூடிய திருகாணியையே முதலில் வைத்திருக்கலாமே? கடிகாரத்தில் அதைவிட நுண்ணிய திருகுகள் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இருந்தன. செலவைக் காரணம் காட்டலாம்தான். ஆனால் விலை பாராமல் செய்த தந்தக் கத்திகளிலும் ஆணிதான் இருக்கிறது. அலகு முன்னும் பின்னும் சுழலும் அச்சில் திருகை வைத்தால் ஒவ்வொரு திறப்பும் அதைக் கொஞ்சம் அசைக்கும், நாளடைவில் தானே கழன்றுவரும். திருகின் தலையைப் பதிக்க மெல்லிய பட்டையில் குழி தோண்டவும் வேண்டும். ஆணியோ பட்டைகளைத் தன் இரு தலைகளுக்கிடையே அணைத்துக்கொண்டு, அவற்றின் வில் போன்ற விறைப்பைக் காப்பாற்றுகிறது. அந்த விறைப்புதான் அலகைச் சரியான இறுக்கத்தில் நிறுத்துகிறது. இக்காலச் செப்பனிடுவோர் 0-80 என்ற அளவுள்ள, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனான சின்னத் திருகுகளை வைத்து முதலில் ஒத்திகை பார்க்கிறார்கள்: ஆப்பின் கனம் சரியா, அலகு நடுவே விழுகிறதா என்றெல்லாம் சோதித்து, பிறகு திருகை எடுத்துவிட்டு ஆணியைத் தறைக்கிறார்கள். ஒத்திகைக்குத் திருகு, நிரந்தரத்துக்கு ஆணி என்ற இந்த வரிசை ஹாஃப்டர்களுக்குக் கிடைத்திருந்தால் அவர்களும் மறுத்திருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆணிமேல் இன்றைய பக்தி எங்கிருந்து வந்தது? இரண்டு இடங்களிலிருந்து என்பது என் கணிப்பு. ஒன்று, எழுத்தின் சாய்வு. கத்தி பற்றிய அறிவெல்லாம் எஃகிலேயே குவிந்தது. லண்டனின் ஜேம்ஸ் ஸ்டோடர்ட் 1795 வாக்கில் இந்தியாவிலிருந்து வந்த வூட்ஸ் எஃகில் கத்தி செய்துபார்த்தார். நம் தென்னாட்டுக் கொல்லர்கள் மண்குகையில் உருக்கிய அதே எஃகு. ஐரோப்பாவின் எந்த எஃகையும்விட அது மேல் என்று தன் கடை அட்டையிலேயே அச்சிட்டுக்கொண்டார். பின்னர் மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து அதன் இரகசியத்தைத் தேடி, வெள்ளி முதலியவற்றை எஃகில் கலந்து 1820-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். இப்படிப்பட்ட மூளைகள் அலகின்மேல் இறங்கிய காலத்தில் ஆணிக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை; அது பெரும்பாலும் கையிலிருந்து கைக்குப் போன அறிவாகவே நின்றுவிட்டது. இரண்டாவது காரணம், அந்தக் கைகளே இல்லாமல் போனது. 1890-இன் மெக்கின்லி சுங்கச் சட்டம் ஷெஃபீல்டின் அமெரிக்கச் சந்தையை நொறுக்கியது. ஸோலிங்கனின் ஜெர்மானியர்கள் இருபுறமும் ஆழக் குழித்துச் சாணை பிடித்த மெல்லிய அலகுகளோடு வந்தார்கள். கிங் ஜில்லெட் 1903-இல் விற்றது 51 சவரக்கருவிகள். 1918-இல் அமெரிக்க இராணுவம் அவரிடம் கேட்டது சுமார் 35 லட்சம். தேய்ந்தால் தூக்கிப்போடும் பிளேடு வந்தபின் ஆணியை மாற்றித்தர ஆள் தேவைப்படவில்லை. மாற்ற ஆளே இல்லாத உறுப்பு தானாகவே புராதனமாகிவிடுகிறது.

இந்த நூறாண்டில் நிலைமை இன்னொரு விதத்திலும் மாறியது. அதுதான் பட்டையின்பக்கம் தராசைச் சாய்க்கிறது. 1820-இல் பட்டை உடைந்தால் புதுப் பட்டை எளிதாகக் கிடைத்தது. அன்றைய கடைக்காரர் உடைந்த தந்தத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு தந்தம் போட்டிருப்பார். இன்று அது நடவாது. அழுங்காமை ஓட்டின் சர்வதேச வணிகத்தை சைட்ஸ் உடன்படிக்கை 1970-களிலேயே கட்டுப்படுத்தியது. ஆப்பிரிக்க யானைத் தந்தத்துக்கு அந்தத் தடை 1989-இல் முடிவானது. பிரிட்டனின் தந்தச் சட்டம் 2018-இல் நிறைவேறி 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 1947-க்கு முந்திய பொருளில் தந்தத்தின் கன அளவு பத்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் அதற்கு ஒரு விலக்கு உண்டு. முழுத் தந்தப் பட்டையுள்ள சவரக் கத்தி அந்த வரம்பை மிக எளிதாகத் தாண்டிவிடும். இந்தியாவில் 1991-க்குப் பிறகு எந்த நாட்டு யானையின் தந்தமானாலும் வணிகத்துக்கு இடமில்லை. இந்தச் சட்டங்கள் எல்லாம் வரவேண்டியவையே. இவற்றின் விளைவாக, இருக்கும் பட்டை போனால் அதற்கு ஈடாக நேர்மையான வழியில் வேறொன்று கிடைக்காது. ஆணிக்கு வேண்டிய பித்தளைக் கம்பியோ பொம்மை மாதிரிகள் செய்வோருக்கான எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஆகவே ஆணியை எடுக்கும் விதத்தில்தான் கவனம் முழுவதும் இருக்கவேண்டும். தலையை ஓரத்திலிருந்து அரத்தால் தேய்த்துத் தட்டையாக்கி, வாஷர் இருந்தால் அதன்மேல் மெல்லிய தகடு ஒன்றை வைத்துக் காத்து, நடுவில் புள்ளி குத்தி, ஆணியின் தடிமனைவிடச் சின்னத் துரப்பணத்தால் கையாலேயே குடையவேண்டும். பட்டையைச் சரியாகத் துளைக்கு நேர் கீழே தாங்கிப்பிடித்து, குச்சியால் தள்ளினால் மீதி வெளியே வந்துவிடும். தாங்கல் ஒரு விரற்கடை தள்ளியிருந்தாலும் கொம்பு பிளக்கும். கொம்புப் பட்டையைத் தைலத்தில் சில நாள் ஊறவைத்து வறட்சியைப் போக்கி, பூச்சி அரித்த குழிகளை அடைத்து, புது ஆணியை முதலில் ஆப்பின் பக்கம் தறைத்து, அதன்பிறகே அலகின் பக்கம் வருவது வழக்கம். ஆப்பு பழைய ஈயமாக இருந்தால் அதன்மேல் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். அதைக் கையுறையில்லாமல் தொடக்கூடாது என்பது ஷெஃபீல்டுக்காரர்கள் அக்கறைப்படாத விஷயம். துளை முட்டை வடிவாகத் தேய்ந்திருந்தால் பெரிய ஆணியைப் போட்டு மறைக்கும் ஆசை வரும். துளையை மேலும் அகலப்படுத்தும் அந்த வேலையைவிட, உள்ளே ஒரு மெல்லிய குழாயைப் பதித்து பழைய அளவுக்குக் கொண்டுவருவது மேல்.

பட்டையைக் காப்பதே முதல் கடமை என்ற விதிக்கு ஓர் இடத்தில் விலக்கு தேவை, அது செல்லுலாய்டு. அலெக்சாண்டர் பார்க்ஸ் 1862-இல் லண்டன் கண்காட்சியில் காட்டிய பார்க்ஸீனும், ஜான் வெஸ்லி ஹையாட் 1870-இல் காப்புரிமை பெற்ற செல்லுலாய்டும் தந்தம், ஆமை ஓடு, கொம்பு என எதையும் போலியாக்கத் தெரிந்தவை. அந்த நூற்றாண்டின் இறுதியில் மலிவுக் கத்திகள் பலவற்றின் பட்டை செல்லுலாய்டுதான். யானைக்கும் ஆமைக்கும் அதனால் கொஞ்சம் நிம்மதி கிடைத்திருக்கலாம். ஆனால் அதில் கலந்த கற்பூரம் மெல்ல ஆவியாக, அதன் செல்லுலோஸ் நைட்ரேட் சிதைந்து அமில வாயு கசியத் தொடங்கும். பெட்டிக்குள் மூடிவைத்த கத்தியில் அந்த வாயு அலகையும் ஆணியையும் ஒன்றாக அரிக்கிறது. வெளியே பட்டை பளபளவென்று இருக்க, அதன் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் அலகு குழிகுழியாகத் துருவேறியிருக்கும் கத்திகள் சேகரிப்புகளில் சாதாரணம். அங்கே ஆணியைக் காப்பதும் பட்டையைக் காப்பதும் அலகைப் பலிகொடுப்பதாகவே முடியும். ஆணியை வெட்டிப் பட்டையை அப்புறப்படுத்தி, மற்றக் கத்திகளிலிருந்து தள்ளி, காற்றோட்டமுள்ள இடத்தில் தனியே வைத்துவிட்டு, அலகுக்குப் புதுக் கொம்பில் பட்டை கட்டுவதுதான் வழி. அந்தப் புதுப் பட்டையின் உட்புறத்தில் செய்த ஆண்டைக் கீறிவைத்தால், ஐம்பது வருடம் கழித்து அந்த ஆணியை அறுக்கப்போகிறவருக்கு எது பழையது எது புதியது என்ற குழப்பம் வராது.